தேடிய குளிரும் தேடாத குளிரும்

சென்ற மார்கழியில் ஒரு நாள். விடியற்காலைத் திருப்பலி முடிந்து ஆலயத்தின் பக்கவாயில் வழியே வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் காத்து நின்றார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, தையல் எந்திரம் ஒன்றையே துணையாகக் கொண்டு ஒரே மகனைப் பொறியியல் படிக்க வைத்தவர் அவர். அம்மகன் இப்போது இத்தாலி நாட்டின் டூரின் நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். தாயின் கையிலிருந்த அலைபேசியில் ஒரு படம். எங்கும் வெண்மை, அதன் நடுவே, கண்கள் மட்டும் தெரியுமாறு உடல் முழுவதையும் போர்த்திக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞன்.

“சாமி, இவனைப் பாருங்க. லீவு நாளில் பனிமலையில ஏறுறானாம். அங்க வேலை ஒண்ணும் இல்ல, சும்மாவே போறானாம். கால் தவறினா யாரு இருக்கா? இது கடவுளைச் சோதிக்கிறது இல்லையா சாமி?”

நாம் அந்தப் படத்தை அரை நிமிடங்கூடப் பார்த்திருக்கமாட்டோம். ஆம், அது வீண் விளையாட்டே என்றும், இனிப் போகவேண்டாமென்று சாமி சொன்னதாக மகனிடம் சொல்லுமாறும் கூறி அனுப்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து அவ்விளைஞனே தொலைபேசியில் அழைத்தான். “சாமி, அம்மா சொன்னாங்க. இனிமே போகமாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கணும். அங்க எனக்கு ரொம்ப மகிழ்ச்சியா இருந்துச்சு. அது தப்பா சாமி?”

பிறகு சொல்கிறோம் என்றோம். உண்மையில் நம்மிடம் விடை இல்லை. ஒருவனுடைய மகிழ்ச்சியைச் சிந்தியாமல் ஒரே சொல்லால் பறித்துவிட்டோமே என்ற உறுத்தல்தான் இருந்தது. அந்த உறுத்தலிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

எங்கே போயிருந்தாய் என்று அவனைக் கேட்டோம். அவன் சொன்ன பெயர் நாம் குருமடத்து நாள் முதல் அறிந்த பெயர்: பெரிய புனித பெர்நார்து கணவாய். இத்தாலியின் ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் அக்கணவாய், கடல் மட்டத்திற்கு மேல் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டில் ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் முதன்மைத் திருத்தொண்டராக இருந்த பெர்நார்து என்பவர் அங்கே வழிப்போக்கர்க்கு ஒரு விடுதியை நிறுவினார். இவரைக் கிளேர்வோ நகர்ப் புனித பெர்நார்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. அன்று முதல் இன்று வரை, புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவுக் குருக்கள் அங்கே வாழ்ந்து வருகின்றனர். வருபவர் யார், எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் சூடான பானமும் படுக்கையும் கொடுப்பதே அவர்தம் பணி. இரவிலும் அவ்வீட்டின் கதவைப் பூட்டுவதில்லை என்பது அங்குள்ள மரபு.

இக்காலத்தில் அங்கே போகவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. 1964-இல் மலையைக் குடைந்து சுரங்கச்சாலை திறக்கப்பட்டது. வண்டிகள் குளிர்காலம் முழுவதும் அதன் வழியே ஓடுகின்றன. கணவாயின் மேலே செல்லும் பழைய சாலையோ, இலையுதிர் காலத்தில் மூடப்பட்டால் கோடையின் தொடக்கத்தில்தான் திறக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் விடுதியை அடைய வேண்டுமெனில் பனிச்சறுக்குப் பலகையிலோ, கால் புதையாதபடி பாதணியின் கீழே கட்டிக்கொள்ளும் அகன்ற பட்டைகளின் துணையாலோ சில மணி நேரம் ஏறிச் செல்லவேண்டும். அவ்வழியில் ஒரு பள்ளத்திற்கு ‘இறந்தோர் பள்ளம்’ என்றே பெயர். நம் இளைஞன் தோழர் ஐவருடன் அவ்வழியே ஏறி, விடுதியில் ஓர் இரவு தங்கித் திரும்பியிருக்கிறான். அவனைப் போலவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் மக்கள் அங்கே ஏறிச் செல்கின்றனர். எவரும் அனுப்பாமல், எவரும் கூலி கொடாமல், தாமே விரும்பிக் குளிரைத் தேடிச் செல்கின்றனர்.

இங்கேதான் வினா எழுகிறது. இறைவன் தந்த உயிரை இன்பத்தின் பொருட்டு இடருக்கு உட்படுத்த மனிதனுக்கு உரிமை உண்டா? கோவில் உச்சியிலிருந்து குதிக்குமாறு சோதித்தவனுக்கு நம் ஆண்டவர் அளித்த மறுமொழி இவ்விளைஞர்க்கும் பொருந்தாதா?

பொருந்தும் என்றுதான் நாம் முதலில் எண்ணினோம். ஆனால் ஆண்டவர் மறுத்தது எதனை என்று ஆழ்ந்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். தான் செய்யவேண்டிய முன்கருதலைச் செய்யாமல், தேவதூதர்மேல் பாரத்தைப் போட்டுக் குதிப்பதே கடவுளைச் சோதிப்பது. படிக்கட்டு வழியே கவனத்துடன் இறங்குபவன் கடவுளைச் சோதிப்பவன் அல்லன். உயரம் இருவருக்கும் ஒன்றே, உள்ளம் வேறு.

புனித தோமா அக்குவினாஸ் நெஞ்சுரம் என்னும் அறத்தைப் பற்றிக் கூறுமிடத்தில், அது அச்சத்திற்கும் மூடத்துணிச்சலுக்கும் நடுவே நிற்கிறது என்கிறார். அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமையும் அவர் கணக்கில் குறையே. அதே பேராசிரியர் மற்றோரிடத்தில் விளையாட்டைப் பற்றியும் பேசுகிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளம் களைத்தாலும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வே விளையாட்டின் இன்பம். அளவோடு அமைந்த விளையாட்டிலும் ஓர் அறம் உண்டு என்பது அவர் கொள்கை. சீடருடன் களித்திருந்த யோவான் நற்செய்தியாளரைக் கண்டு சிலர் இடறல்பட்டபோது, எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்பதை அவர் எடுத்துக்காட்டிய பழங்கதையை இதற்குச் சான்றாகத் தருகிறார். விளையாட்டைச் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகவும், பெரியோர்க்கு அது வீணாகவும் கருதும் நம் வழக்கம் திருச்சபையின் போதனையிலிருந்து வந்ததன்று.

பனிமலையை நேசித்தோர் திருத்தந்தையர் வரிசையிலும் உள்ளனர். அக்கிலே ராட்டி என்னும் மிலான் நகர்க் குரு, நூலகப் பணியின் இடையே ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1889-ஆம் ஆண்டு சூலை இறுதியில், 4,634 மீட்டர் உயரமுள்ள மோந்தே ரோசா சிகரத்தை அதன் மிகக் கடினமான கிழக்குப் பக்கமாகத் தோழருடனும் வழிகாட்டிகளுடனும் ஏறினார். சிகரத்தை அடுத்து ஒரு குறுகிய பாறைவிளிம்பில் இரவைக் கழிக்க நேர்ந்தது. கோடையேயாயினும் அவ்வுயரத்தில் கடுங்குளிர். உறங்கினால் ஆபத்து என்று இரவெல்லாம் விழித்திருந்தனர். அக்குருவே 1922-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஆனார். அடுத்த ஆண்டே, நாம் மேலே கூறிய புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அம்மடலில் மலையேற்றம் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருவதெனப் போற்றிய அவர், அறிவற்ற துணிச்சலை மட்டும் விலக்கி வைத்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் இளமை முதலே போலந்து நாட்டின் தாத்ரா மலைகளில் பனிச்சறுக்கில் திளைத்தவர். திருத்தந்தையான பின்னும் 1984-இல் இத்தாலியின் அதமெல்லோப் பனிமலையில் சறுக்கினார்.

பெரியோர் செய்தனர் என்பதால் மட்டும் ஒரு செயல் நன்றாகிவிடாது. அதில் என்ன நன்மை உண்டு என்பதையும் காணவேண்டும். நாம் வெயிலின் மக்கள், பனியில் நடந்ததில்லை. எனவே அந்த இளைஞனிடமே மீண்டும் கேட்டறிந்தோம்.

பனியில் நடப்பவன் முதலில் கற்பது தன்னை மறைத்துக்கொள்ளாமையாம். ஏற்றத்தில் உடல் சூடேறி வியர்த்தால், வியர்வை உடுப்பை நனைக்கும்; நனைந்த உடுப்பு, நடை நின்றதும் உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆகவே வியர்க்கும் முன்பே மேலாடையைக் களைய வேண்டும். நிற்கும்போது குளிரும் முன்பே அணியவேண்டும். பசித்தால் பசிக்கிறது என்றும், விரல் மரத்தால் மரத்துவிட்டது என்றும் உடனே சொல்லவேண்டும். வீரம் காட்டி மறைப்பவன் தனக்கு மட்டுமன்றி உடன்வருவோர் அனைவருக்கும் தீங்கு செய்கிறான். கூட்டத்தின் வேகம் மிக மெதுவாக நடப்பவனுடைய வேகமே. நகரத்தில் தன் பெயர், மதிப்பெண், மொழி ஆகியவற்றால் அளக்கப்பட்டவன், இங்கே இருகால் உள்ள ஓர் உயிர் மட்டுமே. இறுதியில் கதவு திறக்கிறது. ஒரு கிண்ணம் சூடான தேநீர் கையில் வருகிறது. “அந்த டீ மாதிரி ஒண்ணு நான் குடிச்சதே இல்ல சாமி” என்றான். வீட்டில் நாள்தோறும் குடிக்கும் தேநீர்தான். ஆயினும் அதை உரிமையாக அன்றிக் கொடையாகப் பெற்றதால் அச்சுவை.

இது மெய்யான நன்மை என்றே நாம் கருதுகிறோம். படைக்கப்பட்டவன் என்பதை உடலால் உணர்தல், பிறர் இன்றி வாழமுடியாது என்பதை அறிதல், சிறு பொருளுக்கும் நன்றி கூறுதல் ஆகியவை நாம் ஞாயிறுதோறும் மறையுரையில் கற்பிக்க முயன்று பெரும்பாலும் தோற்றுப்போகும் பாடங்கள் அல்லவா? தானியேல் நூலில் எரியும் சூளையில் இடப்பட்ட இளைஞர் மூவர், கதிரவனையும் நெருப்பையும் மட்டுமன்றிக் குளிரையும் உறைபனியையும் இறைவனைப் போற்ற அழைக்கின்றனர். குளிரும் படைப்பே, அதில் மகிழ்வதும் போற்றுதலின் ஒரு வகையே. ஆதலால் அவ்விளைஞனின் வினாவுக்கு முதல் விடை இது: மகிழ்ந்தது தவறன்று.

ஆனால் விடை இத்துடன் முடிந்துவிடவில்லை. அத்தாயின் வினா இன்னும் நிற்கிறது. “கால் தவறினா யாரு இருக்கா?”

அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே அவ்வினாவைக் கடுமையாக்குகிறது. 2009-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், இத்தாலியின் பாஸ்ஸாப் பள்ளத்தாக்கில் மலையேறிய இருவர் திரும்பவில்லை. அவர்களைத் தேடி மீட்புக் குழுவினர் இரவில் சென்றனர். பனிச்சரிவு ஒன்று மீட்கச் சென்றோர் மீதே விழுந்தது. அவர்களுள் நால்வர் மாண்டனர். தேடப்பட்ட இருவரும் உயிருடன் கிடைக்கவில்லை. ஆறு வீடுகளில் அவ்வாண்டின் குடில் விளக்கு அணைந்தது. மாண்டவர்மேல் குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று, தீர்ப்பு இறைவனுடையது. ஆயினும் ஓர் உண்மையை மறைக்க இயலாது. என் இடர் எனக்கு மட்டுமே உரியதென்று எவனும் சொல்லமுடியாது. நாம் விழுந்தால் நம்மைத் தேடி ஒருவன் எழுந்து வருவான். அவனுக்கும் தாய் உண்டு.

ஆகவே இத்தகைய மகிழ்ச்சி, அறமாக விளங்க வேண்டுமெனில் அறிவைத் துணைக்கொள்ள வேண்டும். பனிச்சரிவு தெய்வத்தின் திடீர்ச் சினம் அன்று. பெரும்பாலும் காரணம் அறியக்கூடியது. வெவ்வேறு நாள்களில் பெய்த பனி அடுக்கடுக்காகப் படிகிறது. இடையிலுள்ள அடுக்கு உறுதியற்றதாய் இருந்தால், முப்பது பாகைக்கும் மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனின் பாரமே மேலடுக்கைப் பெயர்த்துவிடப் போதும். சரிவில் சிக்குவோருள் பெரும்பாலோர் தாமோ உடன்வந்தவரோ பெயர்த்த சரிவிலேயே சிக்குகின்றனர். இதனால் ஆல்ப்ஸ் நாடுகளில் குளிர்கால முழுவதும் அபாய நிலையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு வெளியிடுகின்றனர். மலையேறுவோர் புதைந்தவரைக் கண்டறியும் கருவியும், நீண்ட கோலும், மண்வெட்டியும் உடன்கொண்டு செல்கின்றனர். புதைந்தவன் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே பெரிது, பின்னர் விரைவாய்க் குறைகிறது. அருகில் நிற்கும் தோழனே அங்கே உண்மையான மீட்பன். இவற்றையெல்லாம் அறிந்து, எண் உயர்ந்த நாளில் வீட்டிலேயே தங்குபவனும், பாதி வழியில் வானம் மாறினால் சிகரத்தை விட்டுத் திரும்புபவனும் கோழையல்லன். அவனே தாயை மதிப்பவன். அறியாத மீட்பனையும் நேசிப்பவன். திரும்பிவரக் கற்றவனுக்கே ஏறிச்செல்லும் உரிமை உண்டு என்போம்.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. பெர்நார்து விடுதியைக் கட்டியது மகிழ்ச்சிக்காக ஏறி வருவோருக்கு அன்று. உரோமைக்குச் செல்லும் திருப்பயணியும், மூட்டை சுமக்கும் வணிகனும், பிழைப்புத் தேடிக் கணவாயைக் கடக்கும் ஏழைத் தொழிலாளியும் குளிரைத் தேடி அங்கே வந்தவர் அல்லர்; வேறு வழியின்றி வந்தவர். அவர்களுள் பலர் கதவை அடையவில்லை. தோண்டமுடியாதபடி நிலம் உறைந்திருந்ததால், கண்டெடுத்த உடல்களைத் துறவியர் ஒரு தனிக் கட்டடத்தில் வைத்தனர். உறவினர் எவரேனும் வந்து அடையாளம் காண்பரோ என்று காத்திருந்தனர். அதே பாதை, அதே பனி, அதே கதவு. ஒருவனுக்கு அது சாவு, மற்றொருவனுக்கு விடுமுறை. வேறுபாடு குளிரில் இல்லை. திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டா, உடுக்க உடை உண்டா, போகாதிருக்கும் உரிமை உண்டா என்பதில்தான் வேறுபாடு.

திருத்தூதர் பவுலும் தேடாத குளிரை அறிந்தவர். சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவருமாறும், குளிர்காலத்திற்கு முன்பே வந்துவிடுமாறும் கேட்கிறார். திருச்சபையின் பெரும் போதகர் போர்வை கேட்கிறார்! இதைப் பலமுறை வாசித்தும் நாம் நின்று எண்ணியதில்லை.

தேடிய குளிரையும் தேடாத குளிரையும் ஒன்றாய் அறிந்த ஒருவர் அவ்விளைஞன் படிக்கும் டூரின் நகரிலேயே வாழ்ந்தார். அந்நகரப் பேராலயத்திலேயே அடக்கம் பெற்றிருக்கிறார். பியேர் ஜோர்ஜோ பிரஸ்ஸாத்தி 1901-இல் பிறந்தவர். தந்தை ஒரு பெரிய நாளிதழின் உரிமையாளர், பின்னர் பெர்லினில் இத்தாலியின் தூதர். மகனோ சுரங்கத் தொழிலாளரிடையே பணிசெய்ய விரும்பிச் சுரங்கப் பொறியியல் படித்தார். பனிமலை அவருடைய பெருங்காதல். இத்தாலிய மலையேற்றச் சங்கத்தில் உறுப்பினர். விடுமுறை கிடைத்தால் தோழருடன் மலையில் இருப்பார். அவரே வின்சென்ட் தெ பவுல் சபையின் உறுப்பினராக ஏழையரின் வீடுகளுக்கும் ஏறி இறங்கினார். பெர்லினில் ஒரு கடுங்குளிர் நாளில் மேலங்கியைக் கழற்றி ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம். தந்தை கடிந்துகொண்டபோது, குளிராக இருந்தது அப்பா என்னும் பொருளில் மட்டுமே விடையளித்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1925 சூலை 4-ஆம் நாள் இளம்பிள்ளைவாதத்தால் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். இறப்பதற்கு முந்திய நாள், செயலற்றுவரும் கையால் எழுதிய குறிப்பும் ஓர் ஏழைக்குச் சேரவேண்டிய மருந்தைப் பற்றியதே. 1990-இல் அருளாளராகவும், 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

குளிர் என்றால் என்ன என்பதை அவருடைய உடல் அறிந்திருந்தது. மலையில் விரும்பி ஏற்ற குளிர், தெருவில் விரும்பாமல் நடுங்குபவனைக் காணக் கண் கொடுத்தது. பனியில் மகிழ்ந்தது தவறா என்று கேட்பதைவிட, அம்மகிழ்ச்சி நம்மை எங்கே அழைத்துச் செல்கிறது என்று கேட்பதே சரியான வினா. படத்திலும் பெருமையிலும் முடிந்தால் அது வெறும் விளையாட்டு. பிறனுடைய குளிரை அறியச் செய்தால், அது அருள்.

இவ்வளவையும் எழுதும் நமக்கு ஒரு குற்றத்தையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மார்கழி விடியலில் குளிர்ந்த நீரில் குளித்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு திருப்பலிக்கு நடந்து வருவது நமக்கும் ஓர் இன்பமே. அதுவும் நாம் தேடிய குளிர்தான். அத்தாய் வந்து நின்ற அன்று, ஆலய முகப்பின் தாழ்வாரத்தில் சாக்கைப் போர்த்தி ஒரு முதியவர் சுருண்டு படுத்திருந்தார். மணி அடிக்கும் முன் எழுப்பி அனுப்புமாறு உபதேசியாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். ஆயிரம் ஆண்டுகளாய்ப் பூட்டப்படாத ஒரு கதவைப் பற்றி இன்று எழுதுகிறோம்; அன்று நம் கதவைத் திறந்தபோது ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பினோம். இளைஞனை வீண் விளையாட்டுக்காரன் என்று தீர்ப்பிட்டதும் அதே காலையில்தான்.

அத்தாயின் வீட்டுக்குச் சென்று, நாம் சிந்தியாமல் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டோம். போகட்டும், ஆனால் அபாய எண்ணைப் பார்த்தபின் போகட்டும், தனியே போகவேண்டாம், ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் உங்களுக்குச் சொல்லட்டும் என்றோம். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “திரும்பி வரத் தெரிஞ்சவனா இருந்தா சரி சாமி” என்றார். மகனுக்கும் எழுதினோம். மகிழ்ந்தது தவறன்று என்றும், டூரினிலும் இரவில் தெருவோரம் படுப்போர் இருப்பர், மலையில் கற்றதை அவர்களிடம் மறந்துவிடாதே என்றும் எழுதினோம்.

அம்முதியவரை அடுத்த நாள் தேடினோம், காணவில்லை. மூன்றாம் நாள் வந்தார். இப்போது தாழ்வாரத்தை அடுத்த மறைக்கல்வி அறையை இரவில் பூட்டுவதில்லை. அங்கே இரண்டு பாயும் சில போர்வைகளும் உள்ளன. பெரிய செயல் ஒன்றும் அன்று. வரும் மார்கழியில் திருப்பலிக்கு நடந்துவரும் அன்பர்கள், தாம் போர்த்தியிருக்கும் சால்வையைத் தொட்டுப் பார்க்கும் வேளையில், வழியில் எவரேனும் சுருண்டு படுத்திருக்கிறாரா என்பதையும் பார்த்து வருவார்களாக.